ராசிங்காபுரத்துப் பிள்ளைக்குச் சுற்றுச்சூழலா, தாவரவியலா?

பிளஸ் டூ முடிவு வெளியானதும் போடி வட்டாரத்து வீடுகளில் நடக்கும் பேச்சில் புதிதாக ஒரு கேள்வி சேர்ந்திருக்கிறது. உயிரியல் பிரிவு எடுத்த பிள்ளை. மருத்துவம் கிடைக்கவில்லை, நர்சிங்கில் மனம் செல்லவில்லை, சரி பி.எஸ்சி. என்று முடிவாகிறது. எந்த பி.எஸ்சி.? பழக்கப்பட்ட வழி தாவரவியல். புதிதாகக் காதில் விழுவது சுற்றுச்சூழல் அறிவியல். "ரெண்டும் மரஞ்செடியப் பத்துன படிப்புதான சார், எதுல சேத்தா என்ன?" என்று ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போய்வரும் ஓர் அம்மா கேட்டால் ஒரு வரியில் பதில் சொல்லிவிட முடியாது. ராசிங்காபுரத்திலிருந்து நிமிர்ந்தால் கண்ணில் படும் மலையை வைத்தே இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்போம்.

முதலில் ஒரு குழப்பத்தை விலக்கிவிட வேண்டும். எந்தப் பட்டம் படித்தாலும் சுற்றுச்சூழல் கல்வி என்று ஒரு தாள் வரும். எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில் 1991 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இட்ட ஆணையின் தொடர்ச்சியாகப் பல்கலைக்கழக மானியக் குழு எல்லா இளநிலைப் பட்டங்களுக்கும் ஆறு மாதப் பாடமாக வகுத்தது அது. பி.காம். மாணவரும் எழுதித் தேறும் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "சுற்றுச்சூழல்னா இவ்வளவுதானா" என்று முழுப் பட்டத்தையும் எடைபோடக் கூடாது.

தாவரவியல் ஒரு பொருளிலிருந்து தொடங்குகிறது, சுற்றுச்சூழல் அறிவியல் ஒரு சிக்கலிலிருந்து தொடங்குகிறது. தாவரவியல் மாணவர் பாசியில் ஆரம்பித்துப் பூக்கும் தாவரம் வரை ஏறுவார். உள்ளமைப்பு, வகைப்பாடு, செயலியல், மரபியல் என்று ஒரே உயிர்க் கூட்டத்தைப் பல பக்கத்திலிருந்தும் பார்ப்பார். துணைப்பாடமாகப் பெரும்பாலும் வேதியியலும் விலங்கியலும் இருக்கும். சுற்றுச்சூழல் மாணவர் படிப்பது சூழலியல், நீரின் வேதியியல், காற்று மாசு, மண், கழிவு மேலாண்மை, நச்சியல், புள்ளியியல், செயற்கைக்கோள் படங்களைப் படிக்கும் தொலையுணர்வு, சட்டம், தாக்க மதிப்பீடு. எதிலும் அடிவரை போக மூன்று ஆண்டு போதாது. ஆனால் ஓர் ஆறு கெட்டுப்போனால் எந்தெந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

இந்த வேறுபாடு ஏட்டளவில் நின்றுவிடவில்லை என்பதற்கு ராசிங்காபுரத்துக்குப் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. பொட்டிப்புரத்தை ஒட்டிய அம்பரப்பர் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் அமைக்கும் திட்டம் அது. ஏறத்தாழ 2 கிலோமீட்டர் சுரங்கம், அதன் முடிவில் 50,000 டன் எடையுள்ள காந்தமேற்றிய இரும்புக் கருவி, தலைக்கு மேல் 1 கிலோமீட்டருக்கும் மேலான சார்னோகைட் பாறை. முதலில் நீலகிரியின் சிங்காராவில்தான் இடம் பார்த்தார்கள். முதுமலைப் புலிகள் காப்பகத்துக்கு அருகில் என்பதால் 2009இல் அது கைவிடப்பட்டு, போடி மேற்கு மலைக்குத் திட்டம் வந்தது.

இந்தத் திட்டத்துக்கான சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையைத் தயாரித்தது கோவை ஆனைகட்டியில் இயங்கும் சாலிம் அலி பறவையியல், இயற்கை வரலாற்று மையம். காட்டையும் பறவையையும் அறிந்தவர்கள் நிறைந்த நிறுவனம். ஆனால் பூவுலகின் நண்பர்கள் அமைப்பு தொடுத்த வழக்கில் 2017 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தி வைத்தது. சொன்ன காரணங்களில் இரண்டு முக்கியமானவை. கேரளத்தின் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா திட்ட இடத்திலிருந்து 5 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. எனவே திட்டம் வேறு வகையில் வைத்துப் பரிசீலிக்கப்பட்டிருக்க வேண்டும். அறிக்கை எழுதிய மையமோ அதற்கான அங்கீகாரம் பெற்ற நிறுவனம் அல்ல.

உயிர்களை அறிந்தவர்கள் எழுதிய அறிக்கை கோப்பின் விதியால் தடுக்கப்பட்டது. அந்த விதி வெறும் சடங்கு என்று நான் நினைக்கவில்லை. எந்த எல்லைக்குள் எந்தக் காப்பகம் இருக்கிறது, எந்த வகைத் திட்டம் எந்தக் குழுவின் முன் போக வேண்டும், யார் எழுதிய அறிக்கை செல்லும் என்பவைதான் ஊர்க்காரர் கையில் இருக்கும் பிடிமானம். 2006இன் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையை வரி வரியாகப் படிக்கப் பழகியது சுற்றுச்சூழல் அறிவியல். தாவரவியல் வகுப்பில் அது ஒரு பத்தியாக வந்தாலே பெரிது. 2018 மார்ச்சில் மத்திய அமைச்சகம் திட்டத்தைச் சிறப்பு நேர்வாகக் கருதி மீண்டும் அனுமதி கொடுத்தது, அதே ஆண்டு நவம்பரில் தேசியக் காட்டுயிர் வாரியத்தின் ஒப்புதலும் வேண்டும் என்று தீர்ப்பாயம் சொன்னது, மதிகெட்டானுக்கும் பெரியாறுக்கும் இடையிலான புலி வழித்தடத்தைக் காட்டித் தமிழ்நாடு அரசு 2022இல் உச்ச நீதிமன்றத்தில் எதிர்ப்பைப் பதிவு செய்தது. இந்த வரிசையைப் புரிந்துகொள்ள இயற்பியலும் போதாது, தாவரவியலும் போதாது.

அதே வழக்கை எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தால் தாவரவியலின் தேவை தெரியும். தாக்க அறிக்கைகளுக்குப் பெரும்பாலும் மழைக்காலம் தவிர்த்த ஒரு பருவத்தின் தரவையே கேட்கிறார்கள். காற்றின் தூசியை அளக்க அது பொருந்தலாம். போடி மேற்கு மலையின் கிழக்குச் சரிவுக்குப் பொருந்துமா? இது மழை மறைவுப் பகுதி. தென்மேற்குப் பருவமழை கேரளப் பக்கம் கொட்டித் தீர்த்த பிறகு இங்கே வருவது காற்றும் தூறலும்தான். நிலம் நனைவது ஐப்பசி, கார்த்திகையில். முட்புதர்க் காட்டின் அடியில் இருக்கும் சிறு செடிகள் அந்த மழைக்கு முளைத்து, பூத்து, விதை உதிர்த்து, தை மாசிக்குள் காய்ந்து மறைந்துவிடும். பங்குனியில் பட்டியல் எடுக்கப் போகிறவர் கண்ணில் காய்ந்த புல்லும் உடைமரமும் படும். "முக்கியத் தாவரம் ஏதும் இல்லை" என்று எழுதிவிடுவார். பொய் சொல்ல வேண்டும் என்ற எண்ணமே அவருக்கு இருக்காது. காலம் தவறிப் போயிருப்பார், அவ்வளவுதான். கொழுக்குமலைப் பக்கம் 2018இல் பூத்த நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை பூப்பது, அடுத்து 2030இல்தான். செடிகளின் காலத்தை அறிந்தவர்தான் ஒரு பருவத் தரவின் ஓட்டையைச் சுட்டிக்காட்ட முடியும்.

செய்முறை வகுப்புகளைக் கிட்டப் போய்ப் பார்த்தால் இரண்டு படிப்பும் கைக்கும் கண்ணுக்கும் கொடுக்கும் பயிற்சி வேறுவேறு என்பது புரியும்.

தாவரவியல் மாணவர் உலர்தாவரத் தாள் செய்கிறார். பூவோ காயோ உள்ள கிளையாகப் பார்த்து நறுக்க வேண்டும். வெறும் இலையோடு கொண்டுவந்தால் பேராசிரியர் திருப்பி அனுப்பிவிடுவார். செய்தித்தாளுக்கு இடையில் விரித்து, ஓர் இலையாவது பின்பக்கம் தெரியும்படி திருப்பி வைத்து, மரச்சட்டத்தில் இறுக்கிக் கட்டுவார். ஈரத்தாளை நாள்தோறும் மாற்றாவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும். காய்ந்ததும் கெட்டித் தாளில் ஒட்டி, வலது கீழ் மூலையில் சீட்டு: ஊர், உயரம், தேதி, பூவின் நிறம், எடுத்தவர் பெயர், எண். காய்ந்தால் நிறம் போய்விடும் என்பதால் நிறத்தை அங்கேயே எழுதிக்கொள்ள வேண்டும். திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் உலர்தாவரகத்தை 1967இல் நிறுவிய அருட்தந்தை கே.எம்.மேத்யூ இப்படித் தாள் தாளாகச் சேர்த்துத்தான் தமிழ்நாட்டுச் சமவெளியின் தாவரங்களையும், நமக்கு வடக்கே இருக்கும் பழனி மலையின் தாவரங்களையும் தொகுதிகளாக எழுதினார். நூறாண்டு கழித்து ஒரு செடி இந்த மலையில் இருந்ததா என்று கேட்பவருக்கு அந்தத் தாள் சாட்சி சொல்லும்.

சுற்றுச்சூழல் மாணவர் கொட்டகுடி ஆற்றுக்கு ஒரு புட்டியோடு போகிறார். 300 மில்லி பிடிக்கும் கண்ணாடிப் புட்டியைக் காற்றுக்குமிழ் ஒன்றுகூட இல்லாமல் நிரப்பி மூட வேண்டும். மாங்கனீசு சல்பேட்டும் காரம் கலந்த அயோடைடும் விட்டதும் புட்டிக்குள் பழுப்பாகத் திரள் விழும். நீரில் ஆக்சிஜன் அறவே இல்லையென்றால் அந்தத் திரள் வெள்ளையாகவே நின்றுவிடும். முதல் பார்வைக்கே ஆற்றின் உடல்நிலை தெரிந்துவிடுகிறது. அமிலம் விட்டால் திரள் கரைந்து பொன்மஞ்சளாகும். தயோசல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, வெளிறி வரும்போது ஸ்டார்ச் சேர்த்தால் நீலம். இன்னும் சில சொட்டில் நீலம் போய்த் தெளியும். எந்தச் சொட்டில் தெளிந்தது என்பதுதான் கணக்கு. இதையே குரங்கணிக்கு மேலே ஒன்று, போடி நகரம் தாண்டி ஒன்று என்று இரண்டு இடத்தில் செய்தால் ஓர் ஊர் தன் ஆற்றுக்கு என்ன செய்கிறது என்று எண்ணில் சொல்ல முடியும். இன்னொரு புட்டியை 27 டிகிரியில் மூன்று நாள் வைத்து மறுபடி அளந்தால் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை கிடைக்கும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அறிக்கைகளில் வரும் அந்த எண்ணுக்குப் பின்னால் இருப்பது இந்தக் கைவேலைதான்.

உலர்தாவரத் தாள் பொறுமையைக் கற்றுத் தருகிறது, புட்டி துல்லியத்தைக் கற்றுத் தருகிறது. ஒரு மாணவிக்கு எது இயல்பாக வருகிறது என்று பார்த்தே பாதி முடிவை எடுத்துவிடலாம்.

இரண்டு படிப்பும் ஒன்றையொன்று தேடி அலையும் இடம் ஏலத்தோட்டம். ராசிங்காபுரம், தேவாரம், கோம்பை, போடிச் சுற்றுவட்டாரத்திலிருந்து விடிவதற்குள் ஜீப் ஏறி மலைக்குக் காயெடுக்கப் போகிறவர்கள் ஏராளம். அவர்கள் எடுக்கும் காய்தான் போடியிலும் புத்தடியிலும் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏல மையங்களில் விலைபேசப்படுகிறது.

2023 ஜனவரியில் சபரிமலை அரவணைப் பாயசத்தின் விற்பனையைக் கேரள உயர் நீதிமன்றம் நிறுத்தியது பலருக்கு நினைவிருக்கும். அதில் சேர்த்த ஏலக்காயில் 14 பூச்சிக்கொல்லிகள் வரம்புக்கு மேல் இருந்ததாக ஆய்வக அறிக்கை சொன்னது. 6 லட்சத்துக்கும் மேற்பட்ட டின்கள் முடங்கின. 2024இல் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது என்றாலும், கேள்வி மலையில் அப்படியே நிற்கிறது. மருந்தின் எச்சத்தை எப்படி அளப்பது, வரம்பை யார் எப்படி வகுக்கிறார்கள், காயில் இருக்கும் அளவுக்கும் உண்பவரின் உடலில் சேரும் அளவுக்கும் என்ன உறவு, தூரோடு குனிந்து மருந்தடிக்கும் தொழிலாளியின் தோலும் மூச்சும் எவ்வளவு வாங்குகின்றன, மழையில் கழுவி எந்த ஓடைக்குப் போகிறது? இவையெல்லாம் சுற்றுச்சூழல் அறிவியல் கேட்கும் கேள்விகள். கடைசி இரண்டும் நம் ஊர்ப் பெண்களின் உடலையும் நம் ஊர்த் தண்ணீரையும் பற்றியவை. அதனால்தான் இந்தப் பட்டம் இந்த வட்டாரத்துக்கு வர வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

ஆனால் மருந்து ஏன் அடிக்கிறார்கள்? தரையோடு படர்ந்து கிடக்கும் சரத்தில் பூ விடியற்காலையில் விரிகிறது. வெள்ளை இதழில் ஊதா வரிகள். ஒரு நாள்தான் அதற்கு ஆயுள். சூலகமுடி மகரந்தப் பைக்கு மேலே இருப்பதால் தானாக மகரந்தம் சேராது. தேனீ வந்தாக வேண்டும். இலையுறைக்குள்ளும் பூவுக்குள்ளும் ஒளிந்திருக்கும் இலைப்பேன் பிஞ்சைச் சுரண்டினால் காயில் சொறிபோலத் தழும்பு விழும், விலை இறங்கும். அதற்குப் பயந்து அடிக்கும் மருந்து காலை வேளையில் பட்டால் தேனீயும் சாகும், காயும் குறையும். நிழல் மரங்களைக் கழித்து வெயிலை உள்ளே விட்டால் செடியும் பூச்சியும் நடந்துகொள்ளும் விதமே மாறிவிடும். இது செடியின் உடலை அறிந்தவர் சொல்ல வேண்டிய பதில். எச்சத்தை மட்டும் அளந்து "வரம்பு மீறிவிட்டது" என்று அறிக்கை கொடுப்பவரால், மருந்தைக் குறைக்கச் சிறு விவசாயி நாளை காலை என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல முடிவதில்லை.

2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் மலையேற்றக் குழுவினர் 20 பேருக்கு மேல் காட்டுத்தீயில் மாண்டதையும் இங்கே நினைக்கிறேன். செயற்கைக்கோள் எச்சரிக்கையைப் படிப்பதும், எந்தப் புல் எந்த மாதத்தில் எப்படி எரியும் என்று அறிவதும் சேர்ந்தால்தான் அந்தச் சரிவில் யாரை எப்போது ஏற விடலாம் என்று முடிவு செய்ய முடியும்.

இனி வேலை. பெற்றோர் முதலில் கேட்பதும் இதுதான், கேட்பதில் தவறும் இல்லை.

மத்திய தேர்வாணையம் நடத்தும் இந்திய வனப்பணித் தேர்வுக்குத் தகுதியான பாடங்களின் பட்டியலை எடுத்துப் பாருங்கள். கால்நடை மருத்துவம், தாவரவியல், வேதியியல், நிலவியல், கணிதம், இயற்பியல், புள்ளியியல், விலங்கியல். இவற்றில் ஒன்றாவது பட்டத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வேளாண்மை, வனவியல், பொறியியல் பட்டம். சுற்றுச்சூழல் அறிவியல் அந்தப் பட்டியலில் இல்லை. கணிதம் படித்தவர் வன அதிகாரியாகலாம்; மூன்று ஆண்டும் காட்டையும் ஆற்றையும் படித்தவர், பட்டத்துக்குள் வேதியியலோ தாவரவியலோ சேர்ந்திருந்தால்தான் விண்ணப்பிக்க முடியும். இந்த அநீதி திருத்தப்பட வேண்டும். திருத்தப்படும்வரை பிள்ளைகள் இதைத் தெரிந்துகொண்டே சேர வேண்டும். தமிழ்நாட்டின் வனவர் தேர்வில் நிலைமை நல்லது. அதன் பாடப்பட்டியலில் சுற்றுச்சூழல் அறிவியலுக்கு இடம் உண்டு.

ஆசிரியர் வேலையிலும் தாவரவியலே முந்துகிறது. மேல்நிலைப் பள்ளிகளில் தாவரவியலுக்கு முதுநிலை ஆசிரியர் பணியிடம் இருக்கிறது, சுற்றுச்சூழலுக்குத் தனியாக இல்லை. தனியார் துறைக்கு வந்தால் தராசு மறுபக்கம் சாய்கிறது. 2011இல் சென்னை உயர் நீதிமன்ற ஆணையால் மூடப்பட்ட திருப்பூர்ச் சாயப்பட்டறைகள், ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் மீண்டும் ஓடுகின்றன. அங்குள்ள சுத்திகரிப்பு நிலையங்களில் நீரைச் சோதிக்க அன்றாடம் ஆள் வேண்டும். ஆலைகளின் பாதுகாப்புப் பிரிவு, தனியார் ஆய்வகங்கள், தாக்க அறிக்கை எழுதும் ஆலோசனை நிறுவனங்கள் ஆகியவற்றில் சுற்றுச்சூழல் பட்டதாரிக்கு மூன்றாம் ஆண்டு முடிந்ததுமே ஏதோ ஒரு வாசல் திறக்கும். தாவரவியல் பட்டதாரிக்கு அப்படி இல்லை, முதுநிலையோ பி.எட்.டோ முடித்தால்தான் அவர் பட்டத்துக்கு மதிப்பு ஏறும்.

ஊர்த் தொலைவும் ஒரு காரணம். தமிழ்நாட்டில் தாவரவியல் துறை பல ஊர்களில் உண்டு, சுற்றுச்சூழல் அறிவியலை இளநிலையில் நடத்தும் கல்லூரிகள் குறைவு. அதற்காக விடுதியில் தங்கிப் படிக்க வேண்டி வந்தால், தோட்டக் கூலியில் ஓடும் வீட்டுக்கு அது பெரிய செலவு.

எல்லாவற்றையும் வைத்து நான் சொல்வது இது. ஐந்து ஆண்டு படிக்கப் போகிறாள் என்று வீட்டில் உறுதியாக இருந்தால், இளநிலையில் தாவரவியல், துணைப்பாடமாக வேதியியல், பிறகு முதுநிலையில் சுற்றுச்சூழல் அறிவியல். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலேயே ஆற்றல், சூழல், இயற்கை வளங்களுக்கான புலம் இருக்கிறது. ஒரு செடியை முழுதாக அறிந்தவர் பிறகு சட்டத்தையும் அளவையும் கற்றுக்கொள்வது எளிது. தலைகீழாகப் போகிறவர்கள் செடியை இடையில் எங்கோ விட்டுவிடுகிறார்கள். மூன்று ஆண்டோடு நிற்க வேண்டிய குடும்பச் சூழல் என்றால், தயங்காமல் சுற்றுச்சூழல் அறிவியல்.

அப்போதும் கல்லூரியின் பெயர்ப்பலகையை நம்பிச் சேரக் கூடாது. சேர்க்கைக்குப் போகும் நாளில் ஆய்வகத்தைப் பார்க்கக் கேளுங்கள். நீர் சோதிக்கும் புட்டிகள் பயன்பாட்டில் இருக்கின்றனவா, அலமாரியில் தூசி படிந்து கிடக்கின்றனவா என்று பாருங்கள். களப்பயணம் எத்தனை நாள், மூன்றாம் ஆண்டில் ஆய்வேடு உண்டா என்று கேளுங்கள். ஆய்வேடு உண்டு என்றால், எந்தப் பட்டமாக இருந்தாலும், தலைப்பை இந்த மலையிலிருந்தே எடுக்கச் சொல்வேன். ஐப்பசி முதல் மாசி வரை பொட்டிப்புரம் சரிவில், வனத்துறை அனுமதியோடு, மாதம் ஒருமுறை ஒரே இடத்தில் நின்று முளைத்திருக்கும் செடிகளைப் பட்டியலிட்டு, அதே நாளில் கீழே ஓடும் ஓடைநீரையும் கிணற்று நீரையும் சோதித்து வைக்கலாம். தாவரவியல் மாணவியும் சுற்றுச்சூழல் மாணவியும் சேர்ந்தே செய்யக்கூடிய வேலை அது. அடுத்த முறை இந்த மலையைப் பற்றி யார் அறிக்கை எழுத வந்தாலும், மழைக்காலத் தரவு எங்கே என்று கேட்கும்போது ஊரின் கையில் அந்தப் பட்டியல் இருக்கும்.